எழுநூறு டாலர் விசிறி: கெஸ்ட்ரல் 5700 எலைட்டோடு ஒரு வருஷம்

பார்சலைப் பிரித்து மேஜைமேல் வைத்ததும் என் மனைவி கேட்டது இதுதான்: "ஏங்க, இந்தக் குட்டி விசிறிக்கா எழுநூறு டாலர்?"

பார்த்தால் விசிறி மாதிரிதான் இருக்கிறது. பழைய பட்டன் போன் அளவு. உச்சியில் ஒரு அங்குல அகலத்தில் ஒரு காற்றாடி, நடுவில் சின்னத் திரை, கீழே பட்டன்கள். கெஸ்ட்ரல் 5700 எலைட் என்று பெயர். காற்றின் வேகம், வெப்பம், ஈரப்பதம், காற்றழுத்தம் எல்லாவற்றையும் தானே அளந்துகொள்ளும். பிறகு, ஆயிரம் கெஜம் தள்ளி நிற்கும் இரும்புத் தகட்டில் குண்டு விழ, ரைஃபிள்மேல் இருக்கும் ஸ்கோப்பை, அதாவது குறிபார்க்கும் தொலைநோக்கியை, எத்தனை க்ளிக் ஏற்ற வேண்டும் என்று சொல்லும். உள்ளே ஓடுவது அப்ளைடு பாலிஸ்டிக்ஸ் நிறுவனத்தின் கணக்கு.

"விசிறி இல்லம்மா, கால்குலேட்டர்" என்றேன்.

"கால்குலேட்டர்தான் போன்லயே இருக்கே."

அவள் சொன்னதில் பாதி சரி. அந்தப் பாதியை மட்டும் நம்பிப் போய் நான் அவமானப்பட்ட கதையைச் சொன்னால்தான் மீதி விளங்கும்.

நான் இருப்பது டல்லாஸ் பக்கம், பிளேனோவில். சொந்த ஊர் கடலூர். ஊரில் இருந்தவரை துப்பாக்கிக்கும் எனக்கும் இருந்த உறவு, மாசி மகத்தன்று தேவனாம்பட்டினம் கடற்கரையில் பலூன் சுடுவதோடு சரி. அந்தக் கடைத் துப்பாக்கியின் குறிமுள் எப்போதும் ஒரு பக்கம் கோணியிருக்கும். சிவப்பு பலூனைக் குறிபார்த்தால் பக்கத்து மஞ்சள் வெடிக்கும். கடைக்காரர் முகத்தில் ஒரு சலனமும் இருக்காது. மூன்று வருஷம் காசைத் தொலைத்த பிறகு, மஞ்சள் வேண்டுமென்றால் சிவப்பைக் குறிபார்க்க வேண்டும் என்று புரிந்தது. இன்று நான் செய்வதும் ஏறக்குறைய அதேதான், தூரம் மட்டும் கூடிவிட்டது.

கிரீன் கார்டு வந்த பிறகுதான் ரைஃபிள் வாங்கினேன். விசாவில் இருப்பவர்களுக்கு அமெரிக்கச் சட்டம் வேறு, அதை முதலில் படித்துவிட்டு ஆசைப்படுங்கள். என்னிடம் இருப்பது ரூகர் பிரிசிஷன் ரைஃபிள், 6.5 கிரீட்மோர் ரகத் தோட்டாவுக்கானது, 24 அங்குலக் குழல். தோட்டா ஹார்னடி கம்பெனியின் இஎல்டி மேட்ச், குண்டின் எடை 140 கிரெய்ன். நூறு கெஜத்தில் குறியைச் சரிசெய்து வைத்துவிட்டு அதே குறியில் ஆயிரம் கெஜத்துக்குச் சுட்டால், டல்லாஸ் வெயிலில் குண்டு கிட்டத்தட்ட 26 அடி கீழே போய்விடும். இரண்டு மாடி உயரம். அந்த இரண்டு மாடியையும் ஸ்கோப்பில் ஏற்ற வேண்டும். ஸ்கோப்பின் கணக்கு மில்லில் ஓடும். ஆயிரம் கெஜத்தில் ஒரு மில் என்பது 36 அங்குலம், ஒரு க்ளிக் அதில் பத்தில் ஒன்று. டல்லாஸில் எனக்கு 8.6 மில், அதாவது 86 க்ளிக். நாலு க்ளிக் தப்பினால் தகடும் தப்பும்.

இந்த 8.6 எங்கிருந்து வருகிறது? குண்டின் வேகம், குண்டு காற்றைக் கிழிக்கும் திறமை, காற்றின் அடர்த்தி. பிரதானம் இந்த மூன்றுதான், மற்றதெல்லாம் சில்லறை. இதில் இரண்டாவது, தோட்டாப் பெட்டிமேலேயே அச்சடித்திருக்கும். என் குண்டுக்கு ஜி1 கணக்கில் .646, ஜி7 கணக்கில் .326. ஜி1 என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டுக் குண்டின் உருவத்தை வைத்துப் போட்டது, அடி தட்டையாக, மூக்கு மொட்டையாக. ஜி7 இன்றைய நீள மூக்குக் குண்டுக்குப் பொருந்தும். புதிதாக வருகிறவர்களில் பத்துக்கு இரண்டு பேராவது ஜி7 என்று தேர்ந்தெடுத்துவிட்டு .646 என்று அடிப்பார்கள். ஆப் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொள்ளும். காற்றே இல்லாத ஊரில் பறக்கிற மாதிரி ஒரு விடையைக் கொடுக்கும்.

முதலாவதான வேகத்தைத்தான் நாமே அளக்க வேண்டும். பெட்டியில் விநாடிக்கு 2,710 அடி என்று அச்சடித்திருக்கிறது. அது அவர்கள் சோதனைக் குழலில் வந்த வேகம். கார்மின் ஜீரோ என்ற குட்டி ரேடாரைத் துப்பாக்கிப் பக்கத்தில் வைத்துப் பத்து ரவுண்டு சுட்டேன், சராசரி 2,680. முப்பது அடிதானே என்று விட்டால் ஆயிரம் கெஜத்தில் எட்டு அங்குலம் கீழே விழும்.

வேகம் அளப்பது என்றதும் ஊர்ப் பெருமை ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. துப்பாக்கிக் குண்டின் வேகத்தை முதன்முதலில் ஒழுங்காக அளந்து காட்டியவர் பெஞ்சமின் ராபின்ஸ் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர். ஒரு மரக்கட்டையை ஊஞ்சல் மாதிரி தொங்கவிட்டு, அதில் குண்டைச் சுட்டு, கட்டை எவ்வளவு தூரம் ஆடுகிறது என்பதிலிருந்து வேகத்தைக் கணக்கிட்டார். 1742-ல் அதை நூலாக வெளியிட்டார். காற்று குண்டை இழுத்துப் பிடிப்பது அதுவரை எல்லோரும் நினைத்ததைவிடப் பல மடங்கு அதிகம் என்று சொன்னவரும் அவர்தான். கிழக்கிந்தியக் கம்பெனி அவரைக் கோட்டைகளைச் சீர்செய்ய இந்தியாவுக்கு அனுப்பியது. வந்து கொஞ்ச நாளில் காய்ச்சல் கண்டு, 1751 ஜூலையில் இறந்துபோனார். எங்கே தெரியுமா? கடலூர் செயின்ட் டேவிட் கோட்டையில், எங்கள் தேவனாம்பட்டினத்தில். நான் பலூன் சுட்ட இடத்துக்குக் கூப்பிடு தூரம்.

அந்தக் கோட்டையை 1690-ல் கம்பெனிக்காரர்கள் மராத்தியரிடமிருந்து வாங்கியபோது எல்லையை அளந்த விதமும் இதே தொழில்தான். கோட்டையிலிருந்து பீரங்கியைச் சுற்றுமுற்றும் சுட்டு, குண்டு போய் விழுந்த தூரம் வரை உள்ள ஊரெல்லாம் தங்களுக்கு என்று எடுத்துக்கொண்டார்கள். குண்டு கிராமங்கள் என்றே அவற்றுக்குப் பெயர். குண்டு உப்பலவாடியின் குண்டு அதுதான் என்று என் தாத்தா சொல்வார். உலகத்திலேயே எறியியல் கணக்கால் பட்டா போட்ட ஊர்க்காரன் நான். எனக்கு இந்தக் கணக்கு சுலபமாக வந்திருக்க வேண்டும். வரவில்லை.

போன வருஷம் ஜூலையில் நானும் திருநெல்வேலித் தம்பி ஒருவனும் நியூ மெக்சிகோ கிளம்பினோம். ராட்டன் என்ற ஊருக்குப் பக்கத்தில், அமெரிக்கத் தேசிய ரைஃபிள் சங்கத்தின் பெயரில் என்ஆர்ஏ விட்டிங்டன் சென்டர் என்ற சுடுதளம் இருக்கிறது. 33,000 ஏக்கர், மலையும் புல்வெளியுமாக. விச்சிட்டா ஃபால்ஸ், அமரில்லோ, டால்ஹார்ட், கிளேட்டன் என்று பத்து மணி நேர ஓட்டம். அம்மணி கட்டிக்கொடுத்த புளிசாதம் அமரில்லோ தாண்டுவதற்குள் தீர்ந்தது.

ராட்டன் உயரம் கொடைக்கானலைவிடக் கொஞ்சம்தான் குறைவு. மலையில் பருப்பு வேக நேரமாகும் என்று நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். காற்று லேசு. லேசான காற்றில் குண்டு குறைவாக விழும். இது எனக்குத் தெரியாமல் இல்லை. அதனால்தான் டல்லாஸின் 8.6-ஐ மறந்துவிட்டு, போனில் இருந்த இலவச ஆப்பில் புதிதாகக் கணக்குப் போட உட்கார்ந்தேன். எந்த ஆப் என்பது முக்கியமில்லை, தப்பு என்மேல். வெப்பம் 85 ஃபாரன்ஹீட். அழுத்தம்? போனின் வானிலைப் பக்கத்தைப் பார்த்தேன், பாதரச அங்குலக் கணக்கில் 30.10 என்று இருந்தது. அடித்தேன். விடை 8.8 மில்.

டல்லாஸைவிட அதிகமாக ஏற்றச் சொல்கிறதே, மலையில் குறைய அல்லவா வேண்டும் என்று ஒரு நொடி தோன்றத்தான் செய்தது. அங்கே 98 டிகிரி, இங்கே 85, குளிர்ந்த காற்று அடர்த்திதானே என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். படித்தவன் சூதும் வாதும் முதலில் தன்னிடம்தான் செய்வான்.

முதல் ரவுண்டு. தம்பி, குண்டு விழும் இடம் பார்க்கிற தொலைநோக்கியான ஸ்பாட்டிங் ஸ்கோப்பில் கண்ணை வைத்திருந்தான்.

"அண்ணே, மேலே போயிட்டு. பின்னாடி மேட்டுல தூசி."

"எவ்வளவு மேலே?"

"தகட்டுக்கு மேலே இன்னொரு தகடு வைக்கலாம்ணே."

இரண்டாவது, மூன்றாவது, எல்லாம் அதே இடத்தில், அழகாகக் கொத்தாக. கை சரி, துப்பாக்கி சரி, நம்பர் தப்பு. அப்போதுதான் தம்பி அந்த யோசனையைச் சொன்னான். "அண்ணே, ஆப்ல ட்ரூயிங்னு ஒண்ணு இருக்குல்லா? எங்க பட்டுச்சுன்னு சொன்னா வேகத்தை அதுவே திருத்திக்கும்."

இருக்கிறது. எல்லா நல்ல கால்குலேட்டரிலும் இருக்கிறது. நீ சொன்ன இடத்தில் குண்டு விழவில்லை, இங்கேதான் விழுந்தது என்று சொன்னால், அதற்கு ஏற்றபடி வேகத்தை மாற்றிக்கொள்ளும். செய்தேன். 2,680 என்று ரேடார் வைத்து அளந்த வேகத்தை ஆப் 2,785 ஆக்கியது. போன வாரம்தான் என் கையால் அளந்த எண். அதைத் தூக்கிப்போட்டுவிட்டு, ஆப் சொன்னதை ஏற்றுக்கொண்டேன். 7.9 வந்தது. சுட்டேன். டிங்.

நாங்கள் இரண்டு பேரும் கைதட்டிக்கொண்டதை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

பிறகு 600 கெஜத் தகட்டுக்குத் திரும்பினோம். பத்து அங்குலத் தகடு. ஆப் 3.5 என்றது. ஒன்று கீழ் விளிம்பை உரசியது, ஒன்று தகட்டுக்குக் கீழே மண்ணில், மறுபடி விளிம்பு. ஆயிரத்தில் பட்டது அறுநூறில் ஏன் படவில்லை? ஸ்கோப் ஆடுகிறதா, தோட்டா மோசமா, காலையில் குடித்த மூன்றாவது காபியா என்று ஒவ்வொன்றாகக் குறை சொன்னோம்.

அடுத்த பெஞ்சில் இரண்டு மணி நேரமாக வாயே திறக்காமல் சுட்டுக்கொண்டிருந்த வெள்ளைத்தாடிப் பெரியவர் ஒருவர் அப்போது எங்கள் பக்கம் திரும்பினார். ஸ்டேஷன் பிரஷர் என்ன போட்டிருக்கிறாய் என்று கேட்டார். முப்பது புள்ளி ஒன்று என்றேன். அவர் சிரிக்கவில்லை. கழுத்தில் தொங்கிய கெஸ்ட்ரலை என் பக்கம் திருப்பிக் காட்டினார். 23.7.

விஷயம் இவ்வளவுதான். ஸ்டேஷன் பிரஷர் என்றால் நாம் நிற்கிற இடத்தின் நிஜ அழுத்தம். வானிலை அறிக்கையில் சொல்லும் அழுத்தம் அந்த ஊர் அழுத்தம் அல்ல. எல்லா ஊரையும் கடல் மட்டத்தில் இருப்பதாக வைத்து மாற்றிச் சொல்வார்கள். அப்போதுதான் புயல் எங்கே, தாழ்வு மண்டலம் எங்கே என்று வரைபடத்தில் ஒப்பிட முடியும். கடலூரில் இருந்தால் இரண்டும் ஒன்றுதான், ஆயுசுக்கும் வித்தியாசம் தெரியாது. கடற்கரையில் பிறந்தவன் மலையில் மாட்டிக்கொண்டேன். மலைக் காற்றில் நின்றுகொண்டு, கடற்கரைக் காற்றைக் கணக்கில் போட்டிருக்கிறேன். 0.9 மில் தப்பு, 32 அங்குலம். அந்தத் தப்பை மறைக்க வேகத்தில் இன்னொரு தப்பைச் சேர்த்தேன். ஆயிரம் கெஜத்தில் இரண்டு தப்பும் ஒன்றையொன்று ஈடுகட்டின. அறுநூறில் மூன்று அங்குலம் குறைந்தது. அப்படியே டல்லாஸ் திரும்பியிருந்தால் அந்த 2,785-ஐ வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் தலையைப் பிய்த்துக்கொண்டிருப்பேன்.

வேகத்தைப் பழையபடி 2,680 ஆக்கினேன். அழுத்தம் 23.7. ஆயிரத்துக்கு 7.9, அறுநூறுக்கு 3.6. இரண்டும் நடுவில் விழுந்தன. பெரியவர் தலையை ஒரு தரம் ஆட்டிவிட்டுத் தன் பெஞ்சுக்குத் திரும்பிவிட்டார். ஊருக்கு வந்து அடுத்த வாரமே நான் விசிறிக்கு ஆர்டர் போட்டேன்.

இப்போது விசிறியின் குணம்.

இதன் பெரிய லாபம் கணக்கு அல்ல, அளவு. கணக்கை இலவச ஆப்பும் இதே தரத்தில் போடும். ஆனால் நான் நிற்கிற இடத்தின் அழுத்தத்தை, நான் நிற்கிற நேரத்தில், என் கை குறுக்கே புகாமல் கணக்குக்குள் கொண்டுபோவது இதுதான். முப்பது புள்ளி ஒன்று என்று அடிக்க எனக்கு வாய்ப்பே இல்லை. காலை ஏழு மணிக்கும் மதியம் ஒரு மணிக்கும் விடை இரண்டு மூன்று க்ளிக் மாறுவதைக் கண்ணால் பார்க்கலாம். துப்பாக்கி விவரங்களை ஒரு தடவை போனில் அடித்து ப்ளூடூத்தில் அனுப்பிவிட்டால் போதும். குழலுக்கும் ஸ்கோப்புக்கும் நடுவே உள்ள உயரம், குண்டைச் சுழலவைக்கக் குழலுக்குள் வெட்டிய வரிகளின் முறுக்கு, வேகம், குண்டு. அந்த உயரத்தை மட்டும் உத்தேசமாகப் போடாமல், அளவுகோல் வைத்துப் பாருங்கள். கிட்ட தூரத்தில் வரும் விளக்கமில்லாத பிழைக்கெல்லாம் அதுதான் வேர். ஜி7 எண்ணுக்குப் பதிலாக அந்தக் குண்டுக்கென்றே அளந்து எடுத்த காற்றிழுவை வரைபடத்தையும் இதில் ஏற்றிக்கொள்ளலாம். என் தூரத்துக்கு அது கொடுத்த வித்தியாசம் ஒரு க்ளிக்குக்கு மேல் இல்லை.

ஒரே ஒரு டபுள் ஏ பேட்டரி. லித்தியம்தான் போட வேண்டும். பேட்டரி மாற்றியதும் உள்ளே இருக்கும் திசைகாட்டியை மறுபடி பழக்க வேண்டும். கருவியை நேராக நிறுத்தி மெதுவாக மூன்று சுற்று திருப்பச் சொல்லும். ரேஞ்சில் நின்று இதைச் செய்யும்போது சாமிக்குக் கற்பூரம் காட்டுவது மாதிரி இருக்கும். யாரும் பார்க்காத நேரமாகச் செய்யுங்கள். இரும்புப் பெஞ்சின் மேல் வைத்துச் செய்தால் வடக்கு தெற்காகிவிடும்.

வெயிலில் வைக்கக்கூடாது. முதல் மாதம் நான் பெஞ்சிலேயே போட்டுவைத்தேன். 112 டிகிரி என்று காட்டியது. ஊரெல்லாம் 97. கருவியின் உடம்புச் சூட்டைத்தான் அது அளந்திருக்கிறது. இப்போது நிழலில் தொங்கவிட்டு, அளக்கும் முன் கயிற்றைப் பிடித்து ராட்டினம் மாதிரி ஒரு நிமிஷம் சுற்றுகிறேன். காற்று பட்டு உண்மை வெப்பத்துக்கு இறங்கிவிடும்.

இது கணக்கில் சேர்க்கும் நுணுக்கங்களையும் சொல்ல வேண்டும். வலப்பக்கம் முறுக்கிய குழலிலிருந்து வரும் குண்டு, சுழற்சியினாலேயே வலப்பக்கம் நகரும். ஆயிரத்தில் எனக்கு ஏழு அங்குலம், இரண்டு க்ளிக். இது நிஜம், காற்றே இல்லாத விடிகாலையில் பார்த்திருக்கிறேன். பூமி சுற்றுவதற்கும் கணக்கு உண்டு. ராட்டனில் இரண்டு அங்குலத்துக்குச் சற்று மேல். கடலூரில் இதே சுடுதல் என்றால் முக்கால் அங்குலம், பூமத்திய ரேகைக்குக் கிட்ட இருப்பதால். சினிமாவில் இதைப் பெரிதாகக் காட்டுவார்கள். என் கை நடுக்கமே ஆறு அங்குலம் இருக்கும்போது பூமியைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இனி, எழுநூறு டாலர் கொடுத்தும் கிடைக்காத ஒன்று. காற்று.

பெயரே காற்றுமானி. ஆனால் அது அளப்பது என் மூக்குக்கு முன்னால் வீசும் காற்றை. குண்டு போகிற வழி ஆயிரம் கெஜம். இந்த ஜூனில் மறுபடி ராட்டன் போனோம். கெஸ்ட்ரலைப் பிடித்தேன், இடப்பக்கமிருந்து மணிக்கு ஆறு மைல். அது சொன்ன அளவு ஒதுக்கிச் சுட்டேன். தகட்டின் வலப்பக்கம் வெளியே. இன்னொன்று, அதே இடம்.

"அண்ணே, கானல் பாருங்க" என்றான் தம்பி. ஸ்பாட்டிங் ஸ்கோப்பைத் தகட்டில் வைக்காமல் நடுவழியில், ஐந்நூறு கெஜத்தில் குவித்துவைத்திருந்தான். புல்லுக்கு மேல் கானல் ஆறு மாதிரி படுத்து ஓடியது. மெல்லிய காற்றில் கானல் கொதிக்கிற சோற்றுப்பானை ஆவி மாதிரி மேலே போகும், காற்று ஏற ஏறச் சாயும், பத்து மைலை நெருங்கினால் தரையோடு தரையாகப் படுத்துவிடும். நாங்கள் இருந்த இடத்துக்குப் பின்னால் மேடு, காற்றை மறைத்திருக்கிறது. வெட்டவெளியில் ஒன்பது மைல். அந்த உயரத்தில் என் குண்டுக்கு ஒரு மைல் காற்று ஐந்து அங்குலம். மூன்று மைல் தப்பு, பதினைந்து அங்குலம். கெஸ்ட்ரல் பொய் சொல்லவில்லை, என் மூக்கில் ஆறு மைல்தான். காற்றை நானே ஒன்பது என்று அடித்தேன், அது கொடுத்த விடை சரியாக இருந்தது. இப்போது காற்றை மட்டும் அளவிலிருந்து எடுக்காமல் கையால்தான் போடுகிறேன். குறைவு என்று தோன்றுவது ஒன்று, அதிகம் என்று தோன்றுவது ஒன்று. இரண்டு காற்றுக்கும் இரண்டு விடையைப் பக்கத்தில் பக்கத்தில் காட்டும் வசதி இருக்கிறது. எனக்கு இதில் ரொம்பப் பிடித்த அம்சம் அதுதான்.

அன்று மாலை வெள்ளைக் காட்டெருமைக்கும் போனோம். 1,123 கெஜத்தில் புல்வெளியில் தனியாக நிற்கும் இரும்பு உருவம். ராட்டன் போகிறவர்கள் அதைச் சுடாமல் திரும்ப மாட்டார்கள். கெஸ்ட்ரல் 9.4 என்றது. ட்ரிகர் விட்டபின் குண்டு போய்ச் சேர ஒன்றரை விநாடிக்கு மேல், சத்தம் திரும்பி வர இன்னும் மூன்று விநாடி. அந்த நாலரை விநாடி முழுக்கத் தம்பியும் நானும் மூச்சு விடவில்லை. பெரிய உருவம், படாமல் போனால்தான் அதிசயம் என்று தெரியும். தெரிந்தும்தான்.

குறை என்று பார்த்தால் விலை முதலில். இரண்டாவது, மெனு. துப்பாக்கி, குறி, காற்று, சூழல் என்று ஒவ்வொன்றுக்கும் உள்ளே போய் வெளியே வர வேண்டும். நாற்பது தாண்டிய கண்ணுக்கு எழுத்து சிறிசு, நான் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத்தான் பார்க்கிறேன். ஒரு சனிக்கிழமை வீட்டுத் தோட்டத்தில் துப்பாக்கி இல்லாமலேயே உட்கார்ந்து எல்லா பட்டனையும் பழகிவிடுங்கள். ரேஞ்சில் பழகினால் வாடகை நேரம் ஓடிவிடும்.

செலவு செய்ய மனமில்லாதவர்களுக்கு வழி உண்டு. ஜேபிஎம் என்ற இணையதளக் கால்குலேட்டர் முற்றிலும் இலவசம். முகம் பழசு, விடை சுத்தம். ஹார்னடியின் 4டிஓஎஃப் ஆப்பும் இலவசம், அவர்கள் குண்டுகளுக்கு ரேடாரில் எடுத்த இழுவைக் கணக்கு அதிலேயே இருக்கிறது. இவற்றோடு, கணக்கு எதுவும் போடாமல் வெப்பமும் அழுத்தமும் மட்டும் காட்டுகிற மலிவான மானி ஒன்று இருந்தால் போதும். ஸ்டேஷன் பிரஷரைப் பார்த்து அடித்துக்கொள்ளலாம். அறுநூறு கெஜத்துக்கு உள்ளேயே சுடுகிறவர்களுக்கு இதற்கு மேல் தேவையில்லை. எழுநூறு டாலருக்கு எத்தனை பெட்டித் தோட்டா வரும் என்று கணக்குப் பண்ணுங்கள், அந்தப் பயிற்சி எந்தக் கருவியிலும் வராது. எதை வைத்திருந்தாலும் விடையை ஒரு தாளில் எழுதித் துப்பாக்கிக் கட்டையில் ஒட்டிவையுங்கள். உலகம் முழுக்கப் பேர்போன ஸ்ட்ரெலாக் ஆப்பே 2022-ல் ஆப் ஸ்டோர்களிலிருந்து காணாமல் போனது. தாளை யாரும் நீக்க முடியாது.

மலைக்கும் சமவெளிக்கும் மாறிமாறிப் போகிறவர்கள், எண்ணூறுக்கு மேல் சுடுகிறவர்கள், என்னைப் போல் தன் கை அடிக்கும் எண்ணைத் தானே நம்ப முடியாதவர்கள் வாங்கலாம்.

இன்னொரு விஷயம். கெஸ்ட்ரலைத் தயாரிப்பது நீல்சன்-கெல்லர்மன், பென்சில்வேனியாவில் ஃபிலடெல்ஃபியாவுக்கு வெளியே இருக்கிறார்கள். அதே ஃபிலடெல்ஃபியாவில் 1946-ல் உலகுக்குக் காட்டிய எனியாக் கம்ப்யூட்டரைக் கட்டியதே பீரங்கிக்கு இந்தக் கணக்கைப் போடத்தான். முப்பது டன். ஒரு குண்டின் பாதையை ஆள் வைத்துப் போட்டால் இருபது மணி நேரம், எனியாக்குக்கு முப்பது விநாடி. கையில் இருக்கும் விசிறி அதைப் பட்டன் அழுத்தின மாத்திரத்தில் போடுகிறது. இதை என் மனைவியிடம் விலாவாரியாகச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே கெஸ்ட்ரலைக் கையில் வாங்கிப் பார்த்தாள்.

இப்போது சனிக்கிழமை காலையில் அது என் பையில் இருப்பதில்லை. கொல்லைப்புறத்தில் வடகத் துணிக்குப் பக்கத்தில் தொங்குகிறது. "ஏங்க, ஈரப்பதம் முப்பத்தெட்டு, காற்று நாலு. இன்னிக்குப் பிழியலாம். ஆனா மதியத்துக்கு மேல உங்களுக்கு வேணும்னா எடுத்துக்கங்க."